115 எச்பி பொன்டூனுக்கு 17 பிட்ச் சரியோ? ஆக்கள் ஏறினா ஆர்பிஎம் விழுது

ஸ்கூகொக்_கரை:

வணக்கம். 22 அடி பொன்டூன், ரெண்டு ட்யூபில (நீளக் குழாயில) மிதக்கிற தட்டைப் போட். ஒன்ராறியோவில லேக் ஸ்கூகொக்கில நிக்குது, இடைக்கிடை ட்ரெயிலரில ஏத்தி ஸ்டோனி லேக்குக்கும் கொண்டு போறது. மோட்டர் மெர்குரி 115 ஃபோர் ஸ்ட்ரோக், 2.1 லீற்றர். பழைய சொந்தக்காரர் பூட்டின மூண்டு இலை அலுமினிய புரொப்தான் (தண்ணியைத் தள்ளுற விசிறி) இப்பவும் இருக்கு. அதின்ர நடுப்பாகத்தில, ஹப்பில, 17 பிட்ச் எண்டு அடிச்சிருக்கு, அதாவது சறுக்காட்டி ஒரு சுத்துக்கு 17 அங்குலம் முன்னுக்குப் போகவேணும்.

காத்தில்லாத நாளில ஜிபிஎஸ் வைச்சு எடுத்த கணக்கு, ரெண்டும் ஃபுல் திரொட்டில்:

2 பேர், அரைத் தாங்கி பெற்றோல்: 5150 ஆர்பிஎம், மணிக்கு 29 மைல்.
8 பேர், கூலர், சாமான்: 4650 ஆர்பிஎம், 23 மைல்.

வார இறுதியில எப்பவும் 7, 8 பேர்தான். பிள்ளையளைக் காத்தடிச்ச ட்யூபில இருத்திப் பின்னால இழுக்கேக்க வேகம் எடுக்கச் சரியா நேரமெடுக்குது, எஞ்சின் முனகுது. கையேட்டில ஃபுல் திரொட்டில் 5000 முதல் 6000 எண்டு கிடக்கு. 5150 அதுக்குள்ளதானே வருது, அப்ப விட்டுவிடலாமோ? பக்கத்து டொக்கில ஒருத்தர் இதே மெர்குரி 115க்கு 15 பிட்ச் போட்டு 5700 எடுக்கிறார், நானும் 15 எடுத்தாச் சரியோ? கடைக்காரர் 4 இலை ஸ்டெயின்லெஸ் எடுக்கச் சொல்லுறார். பிட்ச் குறைச்சா ஓட்டம் குறையும் எண்டு வீட்டில ஒரு வாக்குவாதமும் ஓடுது.

சிம்கோ_மெக்கானிக்:

5150 வரம்புக்குள்ள வருது எண்டு திருப்திப்படாதேங்கோ. வழமையா ஏத்திற பாரத்தோட, ஃபுல் திரொட்டிலில, அந்த 5000–6000க்குள்ள நிக்கவேணும். உங்கட வழமை 8 பேர். அப்ப உங்கட இலக்கம் 4650. அது அடிமட்டத்துக்கும் 350 கீழ.

அப்பிடி ஓடினா திரொட்டில் முழுக்கத் திறந்திருக்கும், காத்தும் பெற்றோலும் முழுசா உள்ள போகும், ஆனா கிராங்கால அந்தளவு சுத்த ஏலாது. பெரிய கியரைப் போட்டுக்கொண்டு சைக்கிளில ஏத்தம் மிதிக்கிற மாதிரித்தான். சிலிண்டருக்குள்ள அமுக்கமும் சூடும் கூடும், கரி படியும், பிஸ்டன் றிங் ஒட்டும், கடைசியில நொக்கிங் வந்து பிஸ்டனையே தின்னும். ஒரு நாளில நடக்கிற விசயமில்லை, ஆனா முனகுது எண்டு நீங்கள் எழுதினது இதைத்தான்.

சறுக்கல் கணக்கையும், அதாவது பிட்ச்படி ஓடவேண்டிய வேகத்தில எத்தினை வீதம் குறையுது எண்டதையும், ஒருக்காப் பாருங்கோ. ஆர்பிஎம்மை பிட்சால பெருக்கி, கியர் விகிதத்தை 1056 ஆல பெருக்கி வாற தொகையால பிரிச்சா, சறுக்கலே இல்லாத வேகம் மைலில வரும். உங்கட சாதாரண கியர்கேஸ் (மோட்டரின்ர அடியில புரொப்பைச் சுத்திற கியர்ப் பெட்டி) எண்டால் விகிதம் 2.07, அதாவது புரொப் ஒருக்காச் சுத்த எஞ்சின் 2.07 தரம் சுத்தும்.

5150 × 17 ÷ (2.07 × 1056) = 40 மைல். ஓடினது 29. சறுக்கல் 27, 28 வீதம்.
4650 × 17 ÷ (2.07 × 1056) = 36 மைல். ஓடினது 23. சறுக்கல் 36 வீதம்.

பொன்டூனுக்கு 20 முதல் 30 வீதம் சாதாரணம். 36 எண்டால் இலை தண்ணியைப் பிடிக்காமல் கடையுது எண்டு அர்த்தம். பெற்றோல் போற வழியும் அதுதான்.

இனி பிட்ச். ஒரு அங்குலம் குறைச்சா 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும். 17ல இருந்து 13க்கு வந்தா 600 முதல் 800. ரெண்டு பேரோட 5750–5950, எட்டுப் பேரோட 5250–5450. ரெண்டு பக்கமும் வரம்புக்குள்ள வருது. 15 எடுத்தா எட்டுப் பேரோட 4950, 5050 எண்டு விளிம்பில நிக்கும். ட்யூப் கட்டி இழுத்தா திரும்பவும் கீழ போயிடும். 11க்கு இறங்கினா ரெண்டு பேரோட ஓடேக்க 6000 தாண்டி, ஆர்பிஎம்மைத் தடுக்கிற லிமிற்றரில போய் முட்டும்.

ஓட்டம் குறையுமோ எண்ட வாக்குவாதத்துக்கு: 13 பிட்சில எட்டுப் பேரோட நடு இலக்கம் 5350. 5350 × 13 ÷ (2.07 × 1056) = 31.8 மைல். பாரம் ஏத்தினாலும் சறுக்கல் 27 வீதத்துக்கு வந்துடும் எண்டு வைச்சால் 23 மைல். அதாவது எட்டுப் பேரோட இப்ப ஓடுற அதே வேகம், எஞ்சின் முனகாமல். ரெண்டு பேரோட தனிய ஓடேக்க ஒண்டு, ரெண்டு மைல் குறையலாம். பொன்டூன் வாங்கினவருக்கு அது ஒரு நட்டமில்லை.

பக்கத்து டொக்காற்ற 15ஐப் பார்த்து எடுக்காதேங்கோ. அவற்ற மோட்டரில கமாண்ட் திரஸ்ட் எண்டு ஒட்டியிருக்கோ எண்டு முதல் பாருங்கோ. அதின்ர விகிதம் 2.38. அங்க 15 பிட்ச் எண்டது உங்கட கியர்கேஸில 13 பிட்சுக்குச் சமன், 15 × 2.07 ÷ 2.38. கியர்கேஸும் பெரிசு, அதால விட்டம் கூடின புரொப் பூட்டலாம். பாரமான போட்டுக்கு அதுதான் உண்மையான வித்தியாசம். சுசுக்கி 115ல விகிதம் 2.59, யமஹா 115ல 2.15. விகிதம் சொல்லாமல் பிட்ச் மட்டும் சொல்லுற ஆலோசனையை நம்பி ஒண்டும் வாங்காதேங்கோ.

மிச்சிகன்_ஏரி:

மேலே சொன்ன கணக்கு சரி. இலை எண்ணிக்கையையும் உலோகத்தையும் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் இரண்டையும் சேர்த்து ஒரே விலையில் தலையில் கட்டுவார்கள். இரண்டும் வேறு வேறு கேள்வி.

4 இலை பொன்டூனுக்கு நல்லது. நான்கு இலை என்றால் தண்ணீரைத் தள்ளும் பரப்பு கூடுதல். 3000–4000 ஆர்பிஎம்மில் குழந்தைகளை ட்யூபில் இழுக்கும்போது பிடி விடாது, வளைவில் சீக்கிரம் காற்று இழுக்காது, அதாவது மேலிருந்து காற்று இலைக்குள் புகுந்து பிடி விடாது. எல்லாவற்றையும் விட, ரிவர்ஸில் பிடிக்கும். பொன்டூன் என்பது தண்ணீருக்கு மேலே ஒரு பெரிய சுவர், மேலே பிமினி என்ற நிழல் துணியும் விரித்திருந்தால் சொல்லவே வேண்டாம். பக்கவாட்டுக் காற்றில் டாக்கில் கட்டும்போது ரிவர்ஸ் பிடிப்பதுதான் காப்பாற்றும். அதற்குக் கொடுக்கும் விலை: அதே பிட்சில் 3 இலையை விட 100 சொச்சம் ஆர்பிஎம் குறையும், உச்ச வேகத்தில் கொஞ்சம் போகும். அதனால் மூன்று இலையில் 13 என்றால் நான்கு இலையில் 12 அல்லது 13 பாருங்கள். எந்த பிட்ச் கடையில் இருக்கிறதோ அதை உங்கள் மேல் திணிக்க விடாதீர்கள்.

அலுமினியமா ஸ்டெயின்லெஸா என்பது தனி. ஸ்டெயின்லெஸ் இலை மெல்லிசு, பாரத்தில் வளையாது, அதனால் கொஞ்சம் கூடுதல் வேகமும் பிடிப்பும் கிடைக்கும். ஆனால் அந்த லாபம் தெரிவது 40 மைலுக்கு மேல் ஓடும் போட்களில். 25 மைலில் ஓடும் பொன்டூனுக்கு இரண்டு மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. மணல் அடிக்கிற, ஆழமில்லாத ஏரி என்றால் வேறு கதை; அங்கே அலுமினிய இலையின் விளிம்பு ஒரே சீசனில் தேய்ந்து போகும், ஸ்டெயின்லெஸ் நிற்கும்.

இன்னொன்று. ப்ராப் கடைகளில் பிட்சை வளைத்து மாற்றித் தருவார்கள், புதிதை விட மலிவு. ஆனால் இரண்டு அங்குலத்துக்கு மேல் மாற்ற நல்ல கடைக்காரர் ஒப்ப மாட்டார். உங்களுக்கு நான்கு அங்குலம் தேவை. அந்த வழி இல்லை.

பாறை_ஜாக்கிரதை:

ஸ்டோனி லேக்குக்குப் போறீங்கள் எண்டு எழுதினதைக் கடைக்காரருக்குச் சொன்னீங்களோ? அந்த ஏரி முழுக்கக் கருங்கல். மிதவை போட்ட வாய்க்காலை விட்டு விலகினா தண்ணிக்கு ஒரு அடி கீழ பாறை கிடக்கும், வெய்யில் நேர எதிர அடிச்சா கண்ணுக்குத் தெரியாது. அங்க ஓடுற போட்டுக்கு அலுமினியம் எண்டுதான் நான் சொல்லுவன்.

காரணம் விலை மட்டுமில்லை. அலுமினிய இலை பாறையில பட்டா மடங்கும், உடையும், அடியின்ர பாதியை அதுவே வாங்கிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் மடங்காது. அந்த அடி ஹப்புக்கும், அங்கால புரொப் சாஃப்டுக்கும், கியருக்கும் போகும். சாஃப்ட் வளைஞ்சால் சீல் வழியாத் தண்ணி உள்ள போய் கியர் ஒயில் பால் மாதிரி வெள்ளையாகும். கியர்கேஸ் வேலை எண்டால் நாலு அலுமினிய புரொப் வாங்கலாம். மெர்குரியின்ர ஃப்ளோ-டோர்க் ஹப்பில உள்ள பிளாஸ்ரிக் ஸ்லீவ், அடி விழேக்க தான் உடைஞ்சு கியரைக் காப்பாத்தத்தான் வைச்சிருக்கு, அது உண்மை. ஆனா எல்லா அடியிலயும் அது முந்திக்கொண்டு உடையும் எண்டு நம்பி நான் பாறையில ஓடமாட்டன்.

ஸ்கூகொக்கில பிரச்சினை பாறை இல்லை, களை. ஆழமில்லாத ஏரி, ஆடி ஆவணியில மில்ஃபொயில் மேல வரைக்கும் வளர்ந்து நிக்கும். புரொப்பில சுத்தினா ஆர்பிஎம் விழும், போட் நடுங்கும். நியூட்ரலுக்கு வந்து, ஒரு ரெண்டு செக்கன் றிவேர்ஸ் போட்டுவிடுங்கோ, பெரும்பாலும் கழண்டு போகும். அதோட பின்னால பீச்சுற தண்ணியையும் பாருங்கோ, களை தண்ணி எடுக்கிற துவாரத்தையும் அடைக்கும். ஆர்பிஎம் அளக்கிற நாளில களைக்குள்ள ஓடி எடுத்த கணக்கு ஒண்டுக்கும் உதவாது.

ஸ்கூகொக்_கரை:

நன்றி அண்ணையாக்கள். பக்கத்து மோட்டரில கமாண்ட் திரஸ்ட் எண்டு பெரிசா ஒட்டியிருக்கு, இப்ப விளங்குது. ஸ்டெயின்லெஸ் எண்ணத்தை விட்டாச்சு, 4 இலை அலுமினியம் 13 பார்க்கிறன்.

ரெண்டு விசயம் கேட்கவேணும். ட்யூப் கட்டி இழுத்துக்கொண்டு வளைக்கேக்க திடீரெண்டு ஆர்பிஎம் 5500க்குப் பாயுது, போட் முன்னுக்குப் போகுதில்லை, திரொட்டிலைக் குறைச்சா திரும்பப் பிடிக்குது. இது ஹப் வழுக்கிறதோ, காத்து இழுக்கிறதோ? ஹப் போயிருந்தா பழைய கணக்கும் பிழைதானே? மற்றது, புரொப்பை நானே மாத்தலாமோ, கடையில குடுக்கிறதோ?

சிம்கோ_மெக்கானிக்:

வளைவில மட்டும் எண்டால் காத்து இழுக்குது. நேர ஓடேக்க, முக்கியமா நிண்ட இடத்தில இருந்து திரொட்டில் குடுக்கேக்க அப்பிடி நடந்தா ஹப்பைச் சந்தேகப்படுங்கோ. ஐமிச்சமில்லாமல் அறிய சுகமான வழி: புரொப்பைக் கழட்டி, பின்பக்கத்தில உள் ஹப்பில இருந்து வெளிப் பீப்பா வரைக்கும் ஒரே நேர்கோடா மார்க்கரால கீறிவிடுங்கோ. பூட்டி ஒருக்கா நல்லா ஓடிவிட்டு வந்து பாருங்கோ. கோடு ரெண்டா விலகியிருந்தா ஹப் வழுக்குது. அழுத்தி ஏத்தின றப்பர் ஹப்புக்குத்தான் இந்தச் சோதனை; பிளாஸ்ரிக் ஸ்லீவ் உள்ளதில ஸ்லீவைக் கழட்டி வெடிப்பு, முறுக்கு இருக்கோ எண்டு கண்ணால பார்த்தாப் போதும். ரெண்டும் நேரா இருந்தா உங்கட பழைய இலக்கங்கள் சரி.

காத்து இழுக்கிறதுக்கு மோட்டர் உயரம்தான் முதல் காரணம். புரொப்புக்கு மேல உள்ள தட்டையான பிளேட், எல்லாரும் கவிட்டேஷன் பிளேட் எண்டு சொல்லுறது, அதைப் பாருங்கோ. 20 மைலில நேர ஓடேக்க ஒருத்தர் ஓட்ட, இன்னொருத்தர் பின் கேற்றுக்கு உள்ள நிண்டு எட்டிப் பார்க்கவேணும். கேற்றைத் திறந்து வெளிய போக வேண்டாம். பிளேட் தண்ணியின்ர மட்டத்தில, தண்ணி மேல வழுக்கிப்போற மாதிரித் தெரியவேணும். முழுசா வெளிய நிண்டால் மோட்டர் உயரம் கூட. கண்ணுக்கே தெரியாமல் ஆழத்தில கிடந்து, கியர்கேஸ் பக்கத்தால தண்ணி பீச்சியடிச்சா உயரம் காணாது, அது வேகத்தைத் தின்னும். மோட்டர் பூட்டுற துளையள் முக்கால் அங்குல இடைவெளியில இருக்கு, ஒரு துளை ஏத்தினா இறக்கினாப் போதும். ஆனா அது மோட்டரைச் செயின் புளொக்கில தொங்கவிட்டுச் செய்யிற வேலை, போல்ட் துளையளுக்கு மரைன் சீலண்ட் புதுசா அடிக்கவேணும். அதைக் கடையில குடுங்கோ.

அதுக்கு முதல் ட்ரிம்மை, அதாவது மோட்டரை மேல கீழ சாய்க்கிற கோணத்தைப் பாருங்கோ. நேர ஓடேக்க மேல ட்ரிம் பண்ணிவிட்டு அப்பிடியே வளைச்சால் எந்தப் பொன்டூனும் காத்து இழுக்கும். வளைக்க முதல் கீழ இறக்கவேணும். ட்யூப் இழுக்கிற நேரம் முழுக்கக் கீழயே வைச்சிருங்கோ. அதுக்குப் பிறகும் இழுத்தா 4 இலை வந்தபிறகு ஒருக்காப் பார்த்து, அப்பவும் நிக்காட்டி உயரத்தில கை வையுங்கோ.

புரொப் மாத்திறது நீங்களே செய்யலாம், அரை மணித்தியாலம் காணும். திறப்பை எடுங்கோ, கில் சுவிட்ச் கயிறைக் கழட்டுங்கோ, பற்றரியின்ர நெகற்றிவ் வயரையும் கழட்டுங்கோ, கியர் நியூட்ரலில. பிறகு பிளேட்டுக்கும் இலைக்கும் இடையில ஒரு மரக்கட்டையைக் குடுத்துப் புரொப் சுத்தாமல் நிப்பாட்டுங்கோ. கையால இலையைப் பிடிச்சுக்கொண்டு நட்டைத் திருகிற ஆக்கள் விரல் நுனியோட விளையாடுகினம். ராப் வாஷரின்ர (நட்டைக் கழராமல் பூட்டுற, காது வைச்ச வளையம்) மடிச்ச காதை நிமித்தி, 1 1/16 அங்குல சொக்கெற்றால நட்டைக் கழட்டுங்கோ.

புரொப் வந்தவுடன உள்ள நிக்கிற திரஸ்ட் வாஷரையும் எடுங்கோ. அது கியர்கேஸோட ஒட்டி நிண்டு விடும், இல்லாட்டி பழைய புரொப்போட சேர்ந்து பெட்டிக்குள்ள போயிடும். அது இல்லாமல் புதுசைப் பூட்டினா ஹப் நேரக் கியர்கேஸில உரசும். திரும்பப் பூட்டேக்க வாஷரின்ர சரிவுப் பக்கம் கியர்கேஸைப் பார்க்கவேணும். அந்த இடத்தில சாஃப்டைச் சுத்தி மீன்பிடி நரம்பு இருக்கோ எண்டு விரலால தடவிப் பாருங்கோ. நரம்பு சீலை அறுத்து உள்ள போனா வெளிய ஒண்டும் தெரியாது, கியர் ஒயில் வெள்ளையாகும் வரைக்கும். சாஃப்டின்ர பல்லில மரைன் கிறீஸ் தாராளமாப் பூசுங்கோ, இல்லாட்டி அடுத்த முறை புரொப் கழண்டு வராது. பிறகு திரஸ்ட் வாஷர், ஹப், புரொப், ராப் வாஷர், நட். நட்டை 55 அடி-இறாத்தல், அதாவது 75 நியூட்டன் மீற்றர் டோர்க் வர இறுக்குங்கோ. காதை மடியுங்கோ. முதல் ஓட்டம் முடிஞ்சபிறகு திரும்ப ஒருக்கா டோர்க் பாருங்கோ, புது ஹப் கொஞ்சம் அமரும்.

இது மெர்குரிக்கு. யமஹா எண்டால் பல்லு நட்டும் கொட்டர் பின்னும், அதின்ர டோர்க் வேற.

மிச்சிகன்_ஏரி:

காசைக் கொடுக்கும் முன் ஒன்று. பொன்டூனில் ஆர்பிஎம் குறைவுக்கு ப்ராப் தவிர வேறு காரணமும் உண்டு. போட்டைத் தாங்கும் ட்யூபுக்குள் தண்ணீர் ஏறியிருந்தால் அது சும்மா இருக்கும் நாலு ஆளுக்குச் சமம். ட்ரெயிலரில் ஏற்றும்போது ட்யூபின் பின்முனையில் வடிகால் பிளக் இருந்தால் திறந்து பாருங்கள், வழிந்தால் வெல்டிங்கில் எங்கோ விரிசல். போட் ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலும் அதே சந்தேகம். ட்யூப் அடியில் பாசியும் வரிச்சிப்பியும் ஒட்டியிருந்தால் அதுவே இரண்டு மூன்று மைலைத் தின்றுவிடும். சுரண்டிக் கழுவிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 17ல் எட்டுப் பேரோடு 4900 வந்தால் 13 அல்ல, 14 போதுமானதாக இருக்கலாம்.

அளக்கும்போது ஒரே திசையில் அளக்காதீர்கள், போக ஒரு முறை, வர ஒரு முறை, இரண்டின் சராசரி. ட்ரிம்மை ஆர்பிஎம் ஏறி நிற்கும் இடம் வரை மெதுவாகத் தூக்கி அங்கே எடுங்கள். டாக்கோமீட்டர் பழைய முள் வகை என்றால் இருநூறு முந்நூறு தப்பு சொல்லும், பின்னால் உள்ள செலக்டர் மெர்குரிக்கான இடத்தில் இருக்கிறதா பாருங்கள். கம்ப்யூட்டரிலிருந்து நேராக எடுக்கும் ஸ்மார்ட்கிராஃப்ட் எண் என்றால் நம்பலாம்.

பாறை_ஜாக்கிரதை:

அளக்கிறதைக் கரையோரம் செய்யாதேங்கோ, ஒன்ராறியோவில கரையில இருந்து 30 மீற்றருக்குள்ள 10 கிலோமீற்றர்தான் வேகம்.

கடையில வாங்க முதல் ஒரு கேள்வி கேளுங்கோ: ஓடிப் பார்த்துப் பிட்ச் சரிவராட்டி மாத்தித் தருவியளோ எண்டு. சில கடை ஓடிப் பார்க்கவெண்டே புரொப் வைச்சிருக்கு. வேற சில கடை, தண்ணியில பட்ட புரொப்பைத் திருப்பி எடுக்காது. சுரண்டல் இல்லாமல் கொண்டுவந்தா மாத்துவம் எண்டால் களையில்லாத ஆழமான இடத்தில மட்டும் ஓடிப் பாருங்கோ.

பழைய 17ஐ விக்கவேண்டாம். நல்லா இருந்தா அதுதான் உங்கட ஸ்பெயார். ஸ்டோனியில புதுசு பாறையில போனா, 17ஐப் பூட்டிக்கொண்டு 3000 ஆர்பிஎம் தாண்டாமல் வீடு வந்து சேரலாம். அதுக்கு போட்டிலயே ஒரு பை வேணும்: சொக்கெற், நீட்டுப் பிடி, மரக்கட்டை, ஒரு ராப் வாஷர், ஒரு நட், மிச்ச ஹப் ஸ்லீவ். நட்டில ரெண்டு வைச்சிருங்கோ, தண்ணிக்குள்ள நிண்டு மாத்தேக்க முதலாவது கையால நழுவி அடியில போகும்.

ஸ்கூகொக்_கரை:

சரி அண்ணை, முதல் ட்யூபைக் கழுவி, பிளக்கைத் திறந்து பார்த்து, திரும்ப அளக்கிறன். ஸ்மார்ட்கிராஃப்ட் தான், அதால இலக்கத்தில ஐமிச்சமில்லை. எட்டுப் பேரோட 4800க்கு மேல வராட்டி 4 இலை 13, வந்தா 14. கடைக்காரர் ஒருக்கா மாத்தித் தரலாமாம், கீறல் இருக்கக்கூடாதாம்.